தரகரின் சுவர்ப் பக்கம்

என் வீட்டுக்காரர் பல் செய்கிறவர். பல் பிடுங்குகிறவர் இல்லை, செய்கிறவர். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து மெழுகிலும் பீங்கானிலும் பல் செய்து திருப்பி அனுப்புவார். யாருடைய வாயையும் இவர் நேரில் பார்த்தது கிடையாது. ஒருவருக்கு வலது பக்கக் கடைவாய்ப் பல் போயிருந்தால், இடது பக்கப் பல்லின் அச்சைப் பார்த்து அதையே திருப்பிப் போட்டுச் செய்துவிடுவார். அது வாயில் கனகச்சிதமாகப் போய் உட்காரும். "ஒரு பக்கம் கிடைச்சாப் போதும், மறுபக்கம் அதேதான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். இந்த ஒரு வாக்கியம் எங்கள் குடும்பத்தை என்ன பாடு படுத்தியது என்று எனக்குத்தான் தெரியும்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் மனுஷன் சும்மா இருக்கலாமில்லையா? ரயில் செய்வார். பொம்மை ரயில் என்று சொன்னால் கோபம் வரும், மாதிரி ரயில் என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பெரிய மேசை. அதில் பாதியில் நான் பள்ளிக்கூடச் சீருடை தைப்பேன். மறுபாதியில் இவர் பிளாஸ்டிக் தகட்டை அறுத்துக்கொண்டிருப்பார். என் குண்டூசிகள் மாதாமாதம் காணாமல் போகும். போய்ப் பார்த்தால் ஏதாவது ஒரு ரயில் பெட்டியின் வாசலில் கைப்பிடியாக வளைந்து நிற்கும். அதற்காக நாங்கள் போட்ட சண்டையை எழுதினால் தனிக் கதையாகும்.

செய்கிறதுதான் செய்கிறார், அழகான இஞ்சின், படுக்கை வசதிப் பெட்டி என்று செய்யக் கூடாதா? அதெல்லாம் எல்லாரும் செய்கிறார்களாம். இவருக்கு யாரும் திரும்பிப் பார்க்காத வண்டிதான் வேண்டும். அந்த ஆசைக்குத் தீனி போட்டவன் என் தம்பி.

தம்பி ரயில்வே யார்டில் கொடி காட்டுகிற வேலையில் இருந்தான். வண்டியோடு வண்டியைச் சேர்க்கும்போது கீழே நின்று இஞ்சின் ஓட்டுகிறவருக்கு வா, நில், போ என்று காட்டுகிறவன். அவன் கல்யாணம் ஆகாதவன், சாப்பாடு எங்கள் வீட்டில்தான். ஒருநாள் சாப்பிடும்போது தரகரைப் பற்றிச் சொன்னான். மின்ரயில் தன்பாட்டுக்கு ஓடுகிற வண்டி. அது பழுதாகிப் படுத்துவிட்டால் டீசல் இஞ்சின் வந்து பட்டறைக்கு இழுத்துப் போக வேண்டும். ஆனால் இதன் இணைப்பு வேறு, அதன் இணைப்பு வேறு. இரண்டும் ஒட்டாது. அதனால் ஒரு பழைய பயணிகள் பெட்டியை எடுத்து, இருக்கைகளைப் பிடுங்கி, ஜன்னல்களைத் தகடு வைத்து அடைத்து, கனத்துக்கு உள்ளே இரும்புக் கட்டிகளை அடுக்கி, ஒரு முனையில் இஞ்சினுக்கு ஏற்ற கொக்கியையும் மறுமுனையில் மின்ரயிலுக்கு ஏற்ற இணைப்பையும் வைத்து நடுவில் மாட்டிவிடுவார்கள். யார்டில் அதற்குப் பெயர் தரகர்.

"ரெண்டு வீட்டுக்கும் பேசி முடிச்சு வைக்கிறவரு மாமா. ஆனா கல்யாணம் முடிஞ்சா அவரை ஒருத்தனும் தேட மாட்டான்" என்றான் தம்பி.

இவர் சோற்றில் கை வைத்தபடியே அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, ஆள் மாட்டிக்கொண்டார் என்று.

யார்டில் மொத்தம் நாலு தரகர்கள், நாலும் நாலு விதமாம். எந்தப் பட்டறையில் எந்த மேஸ்திரிக்கு என்ன சாமான் கையில் கிடைத்ததோ அதை மாட்டியிருப்பான். வரைபடம், அளவு என்று ஒன்றும் கிடையாது. அதில் மூத்தது ஒன்று, கிழத் தரகர் என்பார்கள். இவருக்கு அதுதான் வேண்டும். தம்பி கைபேசியில் படம் எடுத்து வந்தான். கிழத் தரகர் எப்போதும் கொட்டகைச் சுவரை ஒட்டியே நிற்பார் என்பதால் படங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் எடுத்தவை. மின்ரயில் மாட்டுகிற முனையில், தரைக்கும் பெட்டியின் அடிக்கும் நடுவே, பெரிதாக ஒரு காற்று டேங்க் தொங்கியது. பிரேக்குக்கான காற்றாம்.

"சுவத்துப் பக்கம் எப்படி இருக்கும்?" என்று இவர் கேட்டார்.

"யாரு பார்த்தா? வெளிய வர்றப்ப நான் கொடியப் பார்ப்பேனா, அது அடிவயித்தப் பார்ப்பேனா?"

"அப்ப அந்தப் பக்கமும் இதேதான்" என்று சொல்லிவிட்டு இவர் இரண்டு டேங்க் செய்து இரண்டு பக்கமும் ஒட்டினார். நான் பக்கத்தில்தான் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது காதில் விழுந்ததே தவிர மனதில் விழவில்லை.

தம்பியோடு சேர்ந்து வேலை பார்த்தவன் நெட்டை. இரண்டு வண்டிக்கும் நடுவில் புகுந்து இணைப்பு மாட்டுகிறவன். இவன் கொடி, அவன் இணைப்பு. யார்டில் இருவரையும் நெட்டையும் குட்டையும் என்றுதான் கூப்பிடுவார்கள். நெட்டையன் எங்கள் வீட்டு வாசலில் நுழையும்போது தலையைக் குனிந்துதான் வருவான், ஆனாலும் வாரம் ஒருமுறை நிலையில் இடித்துக்கொள்வான். "அக்கா, வீட்டக் கட்டினவன் குட்டையனுக்குச் சொந்தக்காரன்" என்பான். அவன் கால்சட்டைகளுக்கு நான்தான் கீழே துணி சேர்த்துத் தைத்துக் கொடுப்பேன். கடையில் அவன் நீளத்துக்குக் கிடைக்காது.

அன்று மத்தியான நேரம். வளைவான தண்டவாளத்தில் ஒரு பழுதான மின்ரயில் நின்றது. இஞ்சின் கிழத் தரகரைப் பின்பக்கமாக அதை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தது. நெட்டை உள்ளே போனான், இணைப்பை மாட்டினான், "சரி" என்று குரல் கொடுத்தான். இது தம்பி சொன்னது. இணைப்பு நன்றாகப் பூட்டிக்கொள்ள வண்டி இன்னும் கொஞ்சம் பின்னால் வர வேண்டும். தம்பி பச்சைக் கொடி காட்டினான். வண்டி ஒரு கை நீளம்தான் நகர்ந்தது. நெட்டை வெளியே வரவில்லை. காற்றுக் குழாயைச் சரி செய்ய இன்னொரு முறை குனிந்திருக்கிறான்.

அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். அவனுக்குக் கடைசியாக நான் தைத்துக் கொடுத்த கால்சட்டை எது என்று எனக்குத் தெரியும், அது போதும்.

விசாரணை வைத்தார்கள். கேள்வி ஒன்றே ஒன்று. தம்பி நின்ற இடத்திலிருந்து பார்த்திருந்தால் நெட்டை உள்ளே இருப்பது தெரிந்திருக்குமா, தெரிந்திருக்காதா? தெரிந்திருக்கும் என்றால் பார்க்காமல் கொடி காட்டியது இவன் குற்றம். வேலையும் போகும், வழக்கும் வரும். தெரிந்திருக்காது என்றால் இவன் மேல் தப்பில்லை. விபத்தன்று அவர்கள் எடுத்த படங்களில் விழுந்தவனும் தண்டவாளமும்தான் இருந்தன. பெட்டியின் பக்கவாட்டைப் படம் எடுக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

வேலை, வழக்கு எல்லாம் அதிகாரிகளின் கவலை. என் கவலை வேறு. தம்பி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். சாப்பிட மாட்டான், படுத்தால் தூங்க மாட்டான், குளிக்கக்கூட நான் கத்த வேண்டும். மேசை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்பான். "அக்கா, தெரிஞ்சிருந்தா நான் காட்டியிருப்பேனா? சொல்லு. அவன் தெரிஞ்சிருந்தா நான் காட்டியிருப்பேனா?" காட்டியிருக்க மாட்டாய் என்று நானும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. பெற்றவர்கள் போன பிறகு நான் வளர்த்த பிள்ளை அவன். கண் முன்னால் உதிர்ந்துகொண்டிருந்தான்.

ஒருநாள் சாயங்காலம் மேசைமேல் இருந்த மாதிரித் தரகரையே பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று குனிந்து கன்னத்தை மேசையில் வைத்தான். அப்படியே ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

"அக்கா! இதான். இந்த டேங்க்தான். இதுதான் மறைச்சுது."

"என்னடா சொல்ற?"

"அன்னைக்கு நான் நின்னது கிழத் தரகரோட சுவத்துப் பக்கம்தான். ஏதோ மறைச்ச மாதிரியே எனக்கு இருந்துச்சு. இந்த டேங்க். இதுக்குப் பின்னாடி கால் இருந்தா எப்படித் தெரியும்? மாமா, இங்க வாங்க, பாருங்க."

அவரும் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். டேங்குக்கு அப்பால் எதுவும் தெரியவில்லைதான். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு அவன் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அடுத்தடுத்த நாட்களில் அவனுக்கு இன்னும் இன்னும் ஞாபகம் வந்தது. டேங்கில் துரு பிடித்திருந்தது, அதன்மேல் யாரோ சாக்பீஸால் கோடு போட்டிருந்தார்கள், வெயில் அதில் பட்டுக் கண் கூசியது. எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த மாதிரியே சொன்னான். பொய் சொல்லவில்லை அவன். அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் வந்தது.

தம்பியின் தொழிற்சங்கத்துத் தலைவர் வீட்டுக்கு வந்தார். குரல் மட்டும் இரண்டு ஆள் அளவுக்கு இருக்கிற மனிதர். மாதிரியைப் பார்த்ததும் துள்ளினார். "நான் வாயால சொன்னா ஒரு காதுல வாங்கி மறு காதுல விடுவானுங்க. இதக் கொண்டு வாங்க, கண்ணால பார்க்கட்டும். கிழத் தரகரையும் உடைக்க அனுப்பிட்டானுங்க, ஆள் செத்த பெட்டி யாருக்கு வேணும்னு. இப்ப மிச்சம் இருக்கிற கிழத் தரகர் இது ஒண்ணுதான்."

இவர் உடனே வேலையை ஆரம்பித்தார். வளைந்த தண்டவாளம், மின்ரயிலின் முகப்பு, அரை விரல் உயரத்தில் இரண்டு ஆட்கள், ஒருவன் கையில் கொடி. நெட்டைக்கு மட்டும் தனியாக ஒரு பொம்மையை எடுத்துக் காலை அறுத்து நடுவில் துண்டு சேர்த்து உயரமாக்கினார். நான் பார்க்க முடியாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். மனுஷனுக்குக் கை சும்மா இருக்குமா?

"டேங்க் நீளம் படத்துல சாய்வா இருக்கு. நேர்ல ஒருதடவை அளந்துட்டா நல்லது" என்றார். "விசாரணையில கேட்டா பதில் சொல்லணும்ல."

"யாரும் கேட்க மாட்டாங்க. பேசாம இருங்க" என்றேன்.

என் பேச்சை இவர் கேட்கவில்லை. விடுப்புப் போட்டுவிட்டு உடைக்கிற இடத்துக்கே போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார். தம்பி கடைக்குப் போயிருந்தான். இவர் நேராக மேசைக்குப் போய், விளக்கைப் போட்டு, பிளேடை எடுத்துத் தரகரின் அடியில் வைத்தார். டக் என்று ஒரு சத்தம். சுவர்ப் பக்க டேங்க் என் துணிமேல் வந்து விழுந்தது.

"ஐயோ, என்ன பண்றீங்க?"

"பாதி உடைச்சிட்டாங்க. ஆனா அந்த முனை அப்படியே இருந்துச்சு" என்றார். "சுவத்துப் பக்கம் டேங்க் இல்ல."

"கழட்டி எடுத்திருப்பாங்க."

"மாட்டின அடையாளமே இல்ல. ஒரு ஆணி ஓட்டைகூட இல்ல. வெறும் சட்டம். டேங்க் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். நான்தான் பார்க்காமலே ரெண்டு பக்கமும் போட்டுட்டேன்."

 இவர் மாதிரியைத் தண்டவாளத்தில் வைத்து, பொம்மைகளை அவரவர் இடத்தில் நிறுத்தி, "பாரு" என்றார்.

பார்க்காமல் இருந்திருக்க வேண்டும். குனிந்து பார்த்தேன். கொடி வைத்திருந்த பொம்மையின் தோளுக்கு மேலாக, பெட்டியின் அடி வழியே, நெட்டையின் கால்கள் தெரிந்தன. முழங்கால் வரைக்கும் தெரிந்தன. ஒளிவு மறைவே இல்லை. திரும்பிப் பார்க்கிற எவனுக்கும் தெரியும்.

நிமிர்ந்து டேங்கைக் கையில் எடுத்தேன். "ஒட்டுங்க" என்றேன்.

"என்னது?"

"இருந்த இடத்துல ஒட்டுங்க. அவன் வர்றதுக்குள்ள."

"அது பொய்யாயிடும்."

"பொய்யா? இது முழுக்கப் பொம்மை, இதுல என்ன பொய் நிஜம்? ஊர்ல பாதிப் பேரு நீங்க செஞ்ச பொய்ப் பல்லக் காட்டித்தான் சிரிக்கிறான். அப்ப எங்க போச்சு இந்த நியாயம்?"

"பொய்ப் பல்லு கடிக்கும். கடிச்சா அது பல்லுதான்" என்றார். அவர் குரலே உயரவில்லை. எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நெட்டையன் திரும்பி வருவானா? நீங்க உண்மையச் சொன்னா எந்திரிச்சு வந்து நிலையில இடிச்சுக்குவானா? சொல்லுங்க. போனவன் போயிட்டான். இருக்கிறவனையும் சேர்த்து அனுப்பணுமா? அவன் இப்பத்தான் சாப்பிடுறான். இப்பத்தான் தூங்குறான். இந்த டேங்க் இல்லைன்னா அவன் இல்ல, புரியுதா உங்களுக்கு?"

 அவர் பிளேடை மடக்கி வைத்தார். "என் கையால ஒட்ட மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

என் கைக்கு என்ன கேடு? பசைக் குப்பியை எடுத்தேன். துணியோடு பழகிய கை, பிளாஸ்டிக்கோடு பழகாதது. பசை கொஞ்சம் அதிகமாகவே வந்து டேங்குக்கு மேலே வழிந்து உறைந்தது. நகத்தால் சுரண்டினேன், பெயிண்டும் சேர்ந்து வந்தது. அவருடைய சாம்பல் நிற பெயிண்டில் கொஞ்சம் தொட்டுத் தடவினேன். நிறம் ஒரு பிடி கூடுதலாகத் தெரிந்தது. யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். தம்பி கடையிலிருந்து வந்து, "என்னக்கா, பசை வாடை வருது?" என்றான். "உங்க மாமாவுக்கு வேற வேலை என்ன?" என்றேன்.

இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன். யாரும் எனக்குப் புத்தி சொல்ல வர வேண்டாம்.

விசாரணை ஒரு நீளமான அறையில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள், இந்தப் பக்கம் நாங்கள். ஓரமாக நெட்டையின் மனைவி உட்கார்ந்திருந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள், நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். சங்கத்துத் தலைவர் மாதிரியை மேசை நடுவில் வைத்து அரை மணி நேரம் முழங்கினார். தம்பி டேங்கைப் பற்றிச் சொன்னான். துரு, சாக்பீஸ் கோடு, வெயில், எல்லாம் சொன்னான். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

மூவரில் மூத்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "இங்கேருந்து பார்த்தா ஒண்ணும் தெரியலையே" என்று மற்றவர்களிடம் சொன்னார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்கதான் செஞ்சதா? அளவெல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார்.

 இவர் எழுந்து நின்றார். உதடு காய்ந்திருந்தது.

"அளவு சரிதான் சார்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்தபோது அவர் கை என் முழங்கையில் பட்டது, ஜில்லென்று இருந்தது.

அன்றைக்கே முடிவைச் சொல்லிவிட்டார்கள். கொடி காட்டியவருக்குப் பார்க்க வழியில்லை, அவர்மேல் குற்றமில்லை. தலைவர் தம்பியைத் தூக்காத குறை. தம்பி சுவரில் சாய்ந்து நின்று சிறு பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். அப்போது நெட்டையின் மனைவி எங்களிடம் வந்தாள். அடிக்கப் போகிறாளோ என்று நான் முன்னால் போய் நின்றேன். அவள் என்னைத் தாண்டிக் குனிந்து மாதிரியைப் பார்த்தாள். உயரமாக்கிய அந்தப் பொம்மையை ஒரு விரலால் தொட்டாள்.

"நான் இத்தனை நாளா உங்கள நெனச்சு நெனச்சு சாபம் விட்டுக்கிட்டிருந்தேன்" என்று தம்பியிடம் சொன்னாள். "அவரு நிக்கிறது தெரிஞ்சும் கவனிக்காம விட்டுட்டீங்களோன்னு. அந்த நெனப்புலயே செத்துக்கிட்டிருந்தேன். தெரியவே தெரியாதுன்னு இப்பத்தான் புரியுது. கூடப் பிறந்தவரு மாதிரி இருந்தீங்க. எனக்கு இது போதும். இனி நான் பிள்ளைங்களப் பார்த்துக்குவேன்."

தம்பி அவள் காலில் விழப்போனான். அவள் பிடித்து நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். ஜெயித்துவிட்டோம் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் சேர்ந்து சாப்பிட்டோம். தம்பி முடி வெட்டிக்கொண்டு வந்திருந்தான். கேலி பேசினான். "அக்கா சோத்துல உப்புப் போட ஆரம்பிச்சுட்டா, இனி நல்ல காலம்தான்" என்றான். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்தது. இவர் மட்டும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். விசாரணைக்குப் பிறகு இவர் மேசைப் பக்கமே போகவில்லை. என் குண்டூசிகள் எல்லாம் பெட்டியில் பத்திரமாக இருந்தன.

கை கழுவிவிட்டு வந்த தம்பி மாதிரித் தரகரை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். "மாமா, இத எனக்குக் குடுத்துடுங்க. என் உசுரக் காப்பாத்தின சாமி இது" என்றான். அப்படியே மல்லாக்கத் திருப்பிக் கட்டைவிரலால் தடவினான். விரல் ஓரிடத்தில் நின்றது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். மறுபக்கம் திருப்பினான். மறுபடி இந்தப் பக்கம் திருப்பினான்.

"இது மாமா கை இல்லையே" என்றான். "மாமா பசை வழிய விட்டு நான் பார்த்ததே இல்ல."

"கீழ விழுந்து உடைஞ்சிடுச்சு. நான்தான் எடுத்து ஒட்டினேன்" என்றேன் நான். கேட்பதற்கு முன்னாலேயே சொன்னேன், அதுதான் தப்பாகப் போயிற்று.

"விழுந்தா உடைஞ்சிருக்கும். இது பிளேடு போட்டு அறுத்தது." அவன் இவரைப் பார்த்தான். "மாமா, காரணமில்லாம நீங்க பிளேடு வைக்க மாட்டீங்க. உடைக்கிற இடத்துக்குப் போனீங்களா?"

இவருக்குப் பொய் சொல்ல வராது. அளவு சரிதான் சார் என்பதோடு அவரிடம் இருந்த சரக்கு தீர்ந்துவிட்டது. "போனேன்" என்றார்.

"டேங்க் இருந்துச்சா?"

இவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 

"அக்கா, உனக்கும் தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சா என்ன இப்போ? முடிஞ்சுபோன விஷயம். நாளைக்கு வேலைக்குப் போற வழியப் பாரு."

"நீயும் குனிஞ்சு பார்த்தியா?"

நான் சாப்பிட்ட தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

"அப்ப நான் பார்த்திருக்கலாம்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எனக்குச் சோறு போட்டிருக்க."

"உனக்காகத்தான்டா..."

"நான் செய்யலைன்னு நீ நம்பியிருந்தா எதுக்கு ஒட்டின?"

ஊரில் எவனோடும் வாய்ச் சண்டையில் தோற்காதவள் நான். அன்றைக்கு அவனிடம் தோற்றேன். அவனைக் காப்பாற்ற நான் செய்த காரியமே அவனிடம் போய், உன் அக்கா உன்னைக் குற்றவாளி என்றுதான் நினைத்தாள் என்று சொல்லிவிட்டது. இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

அவன் கத்தவில்லை. நகத்தை வைத்து நெம்பினான். நான் ஒட்டிய டேங்க் சுலபமாகக் கழன்று வந்தது. தண்டவாளத்தை மேசைமேல் விரித்தான். மின்ரயில் முகப்பை வைத்தான், தரகரை வைத்தான், இரண்டு பொம்மைகளையும் அவரவர் இடத்தில் நிறுத்தினான். யாரும் அவனுக்கு இடம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிறகு கன்னத்தை மேசையில் வைத்து ஒற்றைக் கண்ணை மூடினான்.

ரொம்ப நேரம் அப்படியே இருந்தான். தூங்கிவிட்டானோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

"கால் தெரியுதுக்கா" என்றான். "முழங்கால் வரைக்கும் தெரியுது."

"அன்னைக்கு நீ..."

"துருவெல்லாம் சொன்னேன்லக்கா நான். சாக்பீஸ் கோடு சொன்னேன். இல்லாத டேங்க்ல இருந்த கோடு." அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. "நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. அவன் சரின்னு சொன்னான், நான் இஞ்சினப் பார்த்துக் கொடியத் தூக்கிட்டேன். இவ்வளவுதான் நடந்திருக்கு."

இவர் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். "நாளைக்கு நானும் வர்றேன். ரெண்டு பேரும் போய்ச் சொல்லிடலாம். தப்பு என்னோடது. பார்க்காம செஞ்சவன் நான்" என்றார்.

எனக்கும் அந்த நிமிஷம் அதுதான் சரி என்று பட்டது. போகட்டும், வேலை போகட்டும், வழக்கு வரட்டும், சொல்லித் தொலைத்துவிட்டு இவன் மறுபடி மனுஷனாகட்டும் என்று நினைத்தேன். வாயைத் திறந்து சொல்லியும்விட்டேன். "ஆமாடா, சொல்லிடுவோம்."

தம்பி நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தான். அவன் கன்னத்தில் மேசையின் நூல்பிசிறு ஒன்று ஒட்டியிருந்தது.

"எப்படிக்கா சொல்றது? நெட்டையோட பொண்டாட்டி 'எனக்கு இது போதும்'னு சொல்லிட்டுப் போயிருக்கா."

 அவன் தரகரைத் தூக்கி இவர் பக்கம் நகர்த்தி வைத்தான். டேங்கை அதன் பக்கத்தில் வைத்தான்.

"ஒட்டிடுங்க மாமா. உங்க கையால ஒட்டுங்க, வடு தெரியாம. அவ பிள்ளைங்களுக்குக் காட்டணும்னு என்னைக்காவது கேட்டு வந்தாலும் வருவா."

இவர் விளக்கைப் போட்டார். வழிந்து உறைந்திருந்த என் பசையைப் பிளேடால் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார். குச்சியின் நுனியில் ஒரு துளி பசையைத் தொட்டு வைத்து, டேங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அது காய்கிற வரைக்கும் தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.